சிகாகோ விடுதிகளின் குடிநீர்: பின்னோட்டத் தடுப்பின் வரலாறு

பொதுக் குடிநீர்க் குழாயில் தண்ணீர் ஒரே திசையில் ஓட வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து கட்டடத்துக்கும் அது செல்கிறது. அந்தத் திசை மாறி, கட்டடத்துக்குள் இருக்கும் அழுக்கு நீரோ கழிவோ வேதிப்பொருளோ குடிநீர்க் குழாய்க்குள் திரும்பி நுழைவதைப் பின்னோட்டம் என்பர். குடிநீர்க் குழாயும் மாசுள்ள நீர் நிற்கும் இடமும் ஏதோ ஓர் இணைப்பால் தொட்டுக்கொண்டிருந்தால்தான் பின்னோட்டம் நிகழ முடியும். அந்த இணைப்புக்குக் குறுக்கிணைப்பு என்று பெயர்.

பின்னோட்டம் இரு வழிகளில் ஏற்படுகிறது. தெருக்குழாயில் அழுத்தம் திடீரென்று குறைந்தால், குழாய் தன் மறுமுனையில் இருக்கும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். வாளித் தண்ணீருக்குள் ரப்பர் குழாயின் நுனி மூழ்கிக் கிடக்கும்போது மெயின் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டால், வாளியில் இருப்பது குழாய்க்குள் போய்விடுவதைக் கவனித்தவர்கள் உண்டு. இது உறிஞ்சுப் பின்னோட்டம். இரண்டாவது வகையில் தெருக்குழாய் தன் வழக்கமான அழுத்தத்திலேயே இருக்கும். கட்டடத்துக்குள் இருக்கும் கொதிகலனோ பம்போ அதைவிட அதிக அழுத்தத்தில் இயங்கி, நீரை எதிர்த்திசையில் தள்ளிவிடும். இது அழுத்தப் பின்னோட்டம்.

குடிநீரைக் காப்பது என்றவுடன் வடிகட்டுதலும் குளோரினும்தான் நினைவுக்கு வரும். வடிகட்டுதல் நிலையத்தின் வாசலோடு முடிந்துவிடுகிறது; நீரில் எஞ்சும் குளோரின் குழாய்களுக்குள் ஓரளவே காக்கும். அதற்கு அப்பால் பல மைல் தூரம் மாசு உள்ளே நுழையாமல் நீரைக் காப்பது முக்கியமாகக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தமே. இந்த எளிய உண்மையைப் பொறியாளர்கள் ஒருமுறை அறிந்து, மறந்து, பெரும் உயிரிழப்புக்குப் பிறகு மீண்டும் கற்றனர்.

கேம்பிரிட்ஜில் ஒரு முன்னெச்சரிக்கை

1873ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள கான்வில் அண்டு கீஸ் கல்லூரியில் மாணவர்களுக்கு டைபாய்டு கண்டது. நோயுற்றவர்களில் பெரும்பாலோர் ட்ரீ கோர்ட் எனப்படும் ஒரே கட்டடப் பகுதியில் வசித்தவர்கள். அது பாழடைந்த பழைய கட்டடம் அன்று. சில ஆண்டுகளுக்கு முன்புதான் புதிதாக எழுப்பப்பட்டு, அக்காலத்தின் நவீனக் கழிப்பறைகளும் குழாய்களும் பொருத்தப்பட்ட பகுதி. அரசு மருத்துவ ஆய்வாளரான ஜார்ஜ் புக்கானன் விசாரணை நடத்தினார். தெருக்குழாயில் நீர் நிறுத்தப்பட்ட நேரங்களில், கழிப்பறைகளோடு இணைந்திருந்த குழாய் வழியாக மாசு குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்பட்டதே காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

நுண்ணுயிரிக் கொள்கை முழுமையாக ஏற்கப்படாத காலம் அது. டைபாய்டின் கிருமியே அப்போது கண்டறியப்படவில்லை. ஆயினும் நோயாளிகள் எந்த அறைகளில் இருந்தனர், அந்த அறைகளுக்கு எந்தக் குழாய் சென்றது என்ற இரண்டு கேள்விகளைக் கொண்டே புக்கானன் விடையை நெருங்கிவிட்டார். அறுபது ஆண்டுகள் கழித்துச் சிகாகோவில் இதே இரண்டு கேள்விகளைக் கேட்க மிகவும் தாமதமானது.

ஏரியைக் காத்த நகரம்

குடிநீரில் அலட்சியம் காட்டிய நகரம் என்று சிகாகோவைச் சொல்ல முடியாது. மிச்சிகன் ஏரியே அதன் குடிநீர் மூலம். நகரத்தின் கழிவுநீரும் சிகாகோ ஆறு வழியாக அதே ஏரியில்தான் கலந்தது. 1891இல் லட்சம் மக்களுக்கு 174 பேர் என்ற விகிதத்தில் அந்நகரில் டைபாய்டு மரணங்கள் நிகழ்ந்தன. இதற்குத் தீர்வாக நகரம் ஆற்றின் ஓட்டத்தையே திருப்பியது. 1900இல் திறக்கப்பட்ட பெரும் கால்வாய், கழிவுநீரை ஏரிக்குப் பதிலாக மிசிசிப்பி ஆற்றுப்படுகையை நோக்கி அனுப்பியது. பின்னர் குளோரின் கலப்பதும் தொடங்கியது. டைபாய்டு மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

ஓர் ஆற்றையே திருப்பிவிட்ட நகரத்தில், அடுத்த பேரிடர் விடுதிகளின் சுவர்களுக்குள் ஓடிய குழாய்களிலிருந்து வந்தது.

1933ஆம் ஆண்டின் நோய்ப்பரவல்

சிகாகோ தன் நூற்றாண்டு விழாவை ஒட்டி, 'முன்னேற்றத்தின் நூற்றாண்டு' என்ற உலகக் கண்காட்சியை 1933 மே 27 அன்று திறந்தது. பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த காலம். ஆயினும் அந்த ஆண்டில் மட்டும் 2 கோடிக்கும் மேற்பட்டோர் கண்காட்சிக்கு வந்தனர். ஏரிக்கரையை ஒட்டிய மிச்சிகன் அவென்யூவின் விடுதிகள் நிரம்பி வழிந்தன. அவற்றுள் இரண்டு, காங்கிரஸ் விடுதியும் ஆடிட்டோரியம் விடுதியும். ஆடிட்டோரியம் கட்டடம் ஆட்லர், சல்லிவன் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்களால் 1889இல் கட்டப்பட்டது. காங்கிரஸ் விடுதி 1893இல் அதன் இணைப்புக் கட்டடமாகத் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்டது. தெருவின் இருபுறமும் நின்ற இவ்விரு கட்டடங்களின் குழாய் அமைப்புகளும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன.

ஆகஸ்ட் நடுப்பகுதியில் அமீபா வயிற்றுக்கடுப்பு நோயாளிகளைப் பற்றிய தகவல்கள் நகரச் சுகாதார வாரியத்துக்கு வரத் தொடங்கின. எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா என்ற ஒற்றைச் செல் உயிரியால் வரும் இந்நோய் வெப்பமண்டல நாடுகளுக்கே உரியது என்று அமெரிக்க மருத்துவர்கள் பலர் நம்பியிருந்தனர். இந்த நம்பிக்கைக்கு வலுவான அடிப்படை இருந்ததில்லை. அந்த அமீபாவை 1875இல் முதன்முதலில் விவரித்த ஃபியோடர் லோஷ், பனி உறையும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில்தான் அதைக் கண்டார்.

நோயின் இயல்பும் உண்மையை மறைத்தது. காலராவைப் போல ஓரிரு நாளில் தாக்குவதில்லை. கிருமி உடலுக்குள் சென்று அறிகுறி தெரியப் பல வாரங்கள் ஆகலாம். விடுதியில் நான்கு நாள் தங்கிய விருந்தினர், ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்துத் தன் வீட்டில் நோயில் விழுந்தார். நோயாளிகள் அமெரிக்காவின் நூற்றுக்கணக்கான ஊர்களிலும் கனடாவிலும் சிதறிக் கிடந்தனர். ஒவ்வொரு ஊர் மருத்துவரும் ஒன்றிரண்டு பேரை மட்டுமே பார்த்தார். அவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எவருக்கும் வாய்ப்பில்லை.

இதைவிடக் கொடியது தவறான நோய் கணிப்பு. பெருங்குடலின் தொடக்கப் பகுதியில், குடல்வாலுக்கு அருகில், அமீபா புண்களை உண்டாக்குவது வழக்கம். வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல். பார்க்கும் மருத்துவருக்குக் குடல்வால் அழற்சி போலவே தோன்றும். பலருக்கு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அழுகிப் புண்ணாகியிருந்த குடலின் மீது கத்தி பட்டதால் இறந்தவர்கள் உண்டு. இத்தனைக்கும் மருந்து அப்போதே இருந்தது. இப்பிகாக் வேரிலிருந்து எடுக்கப்படும் எமிட்டினை ஊசி மூலம் செலுத்தி இந்நோயைக் கட்டுப்படுத்த முடியும் என்பதைக் கல்கத்தாவில் பணியாற்றிய லெனார்ட் ரோஜர்ஸ் 1912இலேயே காட்டியிருந்தார். கல்கத்தாவின் மருத்துவர் ஒருவர் எளிதில் சந்தேகித்திருக்கக்கூடிய நோயை, அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருந்த அறுவை மருத்துவர் எதிர்பார்க்கவே இல்லை.

மதுவிலக்குக் காலத்து இரவு விடுதிகளின் அரசி என்று பெயர் பெற்ற டெக்சஸ் கினான், 1933 நவம்பர் 5 அன்று வான்கூவரில் இந்நோயால் இறந்தார். சிகாகோவில் இருந்தபோதே அவருக்கு நோய் தொற்றியதாகக் கருதப்படுகிறது. அவர் இறந்து சரியாக ஒரு மாதத்தில் மதுவிலக்குச் சட்டமும் முடிவுக்கு வந்தது.

பணியாளர்கள் மீது விழுந்த பழி

சுகாதார வாரியத்தின் தலைவர் ஹெர்மன் பண்டசன் முதலில் சந்தேகித்தது உணவைத் தொடுபவர்களை. அன்றைய அறிவுப்படி அது நியாயமான சந்தேகமே. சமையலறைப் பணியாளர்கள் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களில் பலரிடம் கிருமி இருந்தது. அவர்கள் வேலையிலிருந்து விலக்கப்பட்டனர். வழக்கு முடிந்துவிட்டதாகத் தோன்றியது.

இங்கே ஒரு தர்க்கப் பிழை ஒளிந்திருந்தது. பணியாளர்கள் குடித்ததும் விருந்தினர்கள் குடித்த அதே தண்ணீர்தான். விருந்தினர் சில நாள் குடித்ததை அவர்கள் கோடை முழுவதும் குடித்தார்கள். அவர்களிடம் கிருமி மிகுதியாக இருந்தது, அவர்கள் நோயைப் பரப்பினார்கள் என்பதற்குச் சான்றாகாது. அவர்களும் பாதிக்கப்பட்டவர்கள் என்பதற்கும் அதே சான்றாகலாம். ஓர் இடத்தில் நோய் வந்தால் முதலில் அங்கே கைவேலை செய்பவர்கள் மீது கண் போவது சிகாகோவுக்கு மட்டும் உரிய பழக்கமன்று. மனிதர்களை வரிசையில் நிறுத்திச் சோதிப்பது எளிது. சுவருக்குள் இருக்கும் குழாயைச் சோதிக்கச் சுவரை உடைக்க வேண்டும்.

அக்டோபரில் இண்டியானாபொலிஸ் நகரில் கூடிய அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் மாநாட்டில் இப்பரவல் பற்றி மருத்துவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. பொதுமக்கள் விரிவாக அறிந்துகொள்ள நவம்பர் ஆனது. கண்காட்சியின் அந்த ஆண்டுப் பருவம் நவம்பர் 12 அன்று முடிவடைந்தது. வருவாயைக் காப்பதற்காகச் செய்தி அமுக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. முழு விவரம் தெரியாமல் பீதியைக் கிளப்பக் கூடாது என்பது அதிகாரிகள் தரப்பின் வாதம். நோக்கம் எதுவாயினும், அந்த வாரங்களின் விலையைக் கொடுத்தவர்கள் வீடு திரும்பிய விருந்தினர்கள். தாங்கள் தங்கிய விடுதியில் இப்படி ஒரு நோய் இருந்தது என்பதை அவர்கள் அறிந்திருந்தால், கத்தியை எடுத்த மருத்துவரிடம் அதைச் சொல்லியிருக்க முடியும்.

சுவர்களுக்குள் கிடைத்த விடை

பணியாளர்களை விலக்கிய பிறகும் நோய் ஓயாததால் கவனம் தண்ணீரின் பக்கம் திரும்பியது. நகரத்தின் பொது நீர் காரணமாக இருக்க இயலாது. அதே நீரைக் குடித்த பிற பகுதிகளில் இத்தகைய பரவல் இல்லை. ஆகவே மாசு கட்டடத்துக்குள்ளேயே நுழைந்திருக்க வேண்டும். பொறியாளர்கள் இரு விடுதிகளின் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்று வரைபடமாக்கினர். பல்லாண்டுகளாக மாற்றியும் ஒட்டியும் நீட்டியும் வந்த குழாய் அமைப்பு அது. முழு வரைபடம் எவரிடமும் இருந்ததில்லை.

பழைய, பழுதுபட்ட, தவறாக வடிவமைக்கப்பட்ட குழாய்களும் சாதனங்களும் குடிநீரை மாசுபடுத்தின என்று கண்டறியப்பட்டது. குடிநீர் வழியும் கழிவு வழியும் சந்திக்கும் குறுக்கிணைப்புகள் இருந்தன. குளிர்ந்த குடிநீர் அமைப்புக்கு மேலே சென்ற கழிவுநீர்க் குழாயில் கசிவு இருந்தது. இது கண்டிப்பான பொருளில் பின்னோட்டம் அன்று. ஆனால் இரு குழாய்களையும் அருகருகே வைத்துவிட்டு மறந்துபோன அதே மனப்போக்கின் விளைவு. நீர் நுழையும் வாய் விளிம்புக்குக் கீழே மூழ்கியிருக்கும் தொட்டிகளும், குடிநீர்க் குழாயோடு நேரடியாக இணைக்கப்பட்ட கழிப்பறை பிளஷ் வால்வுகளும் உறிஞ்சுப் பின்னோட்டத்துக்கு இடமளித்தன. விடுதி நிரம்பிய கோடை நாளில், எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் திறக்கப்பட்டால் மேல்மாடிகளில் அழுத்தம் வீழும். அப்போது மூழ்கிய வாய்கள் எதிர்த்திசையில் உறிஞ்சத் தொடங்கும். விடுதி பாதி காலியாக இருந்த ஆண்டுகளில் ஒளிந்திருந்த குறையைக் கூட்டம் வெளிப்படுத்தியது.

குளோரின் உதவவில்லை. அமீபா தன்னைச் சுற்றிக் கெட்டியான உறை அமைத்துக்கொண்ட நிலையில்தான் நீரில் பரவுகிறது. குடிநீரில் வழக்கமாகச் சேர்க்கும் அளவு குளோரினை அந்த உறை தாங்கிக்கொள்ளும்.

தேசிய சுகாதார நிறுவனம் 1936இல் வெளியிட்ட விரிவான அறிக்கை இவ்விடுதிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் 'விடுதி சி', 'விடுதி ஏ' என்றே அழைத்தது. எவையென்று அறியாதவர் எவருமிலர். பாதிக்கப்பட்டோர் 1,409 பேர் என்றும் இறந்தோர் 98 பேர் என்றும் கணக்கிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், 1934 மே 19 அன்று சிகாகோவின் கால்நடைச் சந்தையில் நிகழ்ந்த பெருந்தீயின்போது, அங்கே கிடைத்த மாசுபட்ட நீரைக் குடித்தவர்களுக்கு டைபாய்டும் அமீபாத் தொற்றும் ஏற்பட்டன. பாடம் ஒன்றுக்கு இரண்டு முறை நடத்தப்பட்டது.

இடைவெளியும் வால்வும்

சிகாகோவுக்குப் பிறகு பின்னோட்டம் ஆய்வுக்கூடத்துக்குள் வந்தது. பல்கலைக்கழக நீரியல் ஆய்வாளர்களும், அமெரிக்கத் தேசியத் தர அலுவலகத்தின் ராய் ஹன்டர் குழுவினரும், குழாயில் வெற்றிடம் உண்டானால் எவ்வளவு உயரத்திலிருந்து நீர் உறிஞ்சப்படும் என்பதை அளந்தனர். ஹன்டர் குழுவின் கட்டுரை 1938இல் வெளியானது.

அந்த அளவீடுகளிலிருந்து பிறந்த தீர்வுகளில் மிக உறுதியானது மிக மலிவானதும்கூட. குழாயின் வாய்க்கும், கீழே இருக்கும் தொட்டியின் நிரம்பி வழியும் விளிம்புக்கும் நடுவே வெறும் காற்று இடைவெளி விடுவது. குழாய் விட்டத்தைப் போல இருமடங்கு, குறைந்தது 1 அங்குலம் என்பது பரவலான விதி. காற்றைத் தாண்டி நீர் மேலேறாது. தேய்ந்துபோக இதில் எந்தப் பாகமும் இல்லை. கைகழுவும் தொட்டிகளில் குழாய் வாய் விளிம்புக்கு மேலே உயர்ந்து நிற்பதன் காரணம் இதுவே. அழகுக்காக அப்படி அமைந்ததாகப் பலர் நினைக்கின்றனர்.

பிளஷ் வால்வு போன்ற இடங்களில் இடைவெளி விட முடியாது. அங்கே வெற்றிடம் உண்டானவுடன் தானே திறந்து காற்றை உள்ளே விடும் வெற்றிட முறிப்பான்கள் பொருத்தப்பட்டன. மருத்துவமனை, வேதித் தொழிற்சாலை போன்ற ஆபத்து மிக்க இடங்களுக்கு 1940களில் குறைந்த அழுத்த மண்டல வால்வு உருவானது. அடுத்தடுத்து இரண்டு ஒருவழி வால்வுகள். அவற்றின் நடுவில் உள்ள அறையில் அழுத்தம் எப்போதும் தெருக்குழாயைவிடக் குறைவாக வைக்கப்படும். ஏதேனும் ஒரு வால்வு பழுதானால் நடு அறையின் அடியில் உள்ள திறப்பு திறந்து நீரை வெளியே கொட்டிவிடும். வால்வு என்றேனும் பழுதாகும் என்று ஒப்புக்கொண்டு, பழுதானால் கண்ணுக்குத் தெரியும்படி பழுதாகட்டும் என்று வடிவமைத்ததே இதன் சிறப்பு. 1944இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் குறுக்கிணைப்புக் கட்டுப்பாட்டுக்கென ஓர் ஆய்வு அமைப்பு தோன்றி, இத்தகைய கருவிகளைச் சோதித்துச் சான்றளிக்கலாயிற்று.

கருவியைவிடக் கடினமானது யார் பொறுப்பு என்ற கேள்வி. தெருக்குழாய் நீர் நிறுவனத்துக்குச் சொந்தம். மீட்டருக்கு அப்பால் இருப்பது கட்டட உரிமையாளருக்குச் சொந்தம். ஆனால் ஒருவர் கட்டடத்தில் நிகழும் பின்னோட்டம் அண்டை வீட்டாரையும் நோயாளியாக்கும். எனவே கட்டடத்தின் வாசலில் நீர் நிறுவனமும், உள்ளே ஒவ்வொரு சாதனத்திலும் குழாய்ப்பணி விதிகளும் காவல் காக்க வேண்டும் என்ற இரட்டை ஏற்பாடு மெல்ல உருவானது.

1969இல் ஒரு கால்பந்து அணி

விதிகள் எழுதப்பட்ட பின்னரும் பின்னோட்டம் நிற்கவில்லை என்பதற்கு மாசசூசெட்ஸ் மாநிலம் உஸ்டர் நகரின் ஹோலி கிராஸ் கல்லூரி உதாரணம். 1969 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கக் கால்பந்து அணியினர் பயிற்சித் திடலில் இருந்த குழாயில் தண்ணீர் குடித்தனர். அதே குழாய் வழியில் புல்வெளிக்கு நீர் தெளிக்கும் அமைப்பின் வால்வுகள் தரைக்குக் கீழே பள்ளங்களில் பதிந்திருந்தன. அருகில் வசித்த, மஞ்சள் காமாலை கண்டிருந்த குழந்தைகள் அப்பள்ளங்களில் தேங்கிய நீரில் விளையாடினர். நகரில் ஒரு தீ விபத்து. தீயணைப்போர் பெருமளவு நீரை இழுக்க, குழாயில் அழுத்தம் வீழ்ந்து, பள்ளத்து நீர் உள்ளே உறிஞ்சப்பட்டது. வீரர்களும் பயிற்றுநர்களுமாக 97 பேரில் 90 பேருக்குக் கல்லீரல் அழற்சித் தொற்று ஏற்பட்டது. இரண்டே ஆட்டங்களோடு அணி அந்த ஆண்டுப் போட்டிகளிலிருந்து விலகியது. தீ ஓரிடத்தில், நோய் வேறிடத்தில். இரண்டையும் இணைத்தது தெருக்குழாயில் சில நேரம் வீழ்ந்த அழுத்தம்.

2007 நவம்பர் 28 அன்று பின்லாந்தின் நோக்கியா நகரில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பராமரிப்புப் பணியின்போது திறக்கப்பட்ட ஒரு வால்வு இரண்டு நாள் மூடப்படாமல் இருந்தது. அந்த வால்வு, சுத்திகரித்த கழிவுநீரையும் குடிநீரையும் இணைத்த ஒரு குழாயில் இருந்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது. அப்படி ஒரு குழாய் அங்கே இருந்திருக்கவே கூடாது.

அழுத்தம் நிற்காத ஊர்கள், நிற்கும் ஊர்கள்

இந்நிகழ்வுகள் நடந்த நகரங்களில் நாள் முழுவதும் குழாயில் நீர் இருந்தது. அழுத்தம் வீழ்வது அங்கே விபத்து. குறிப்பிட்ட நேரம் மட்டும் தண்ணீர் விடப்படும் நகரங்களில் அழுத்தம் வீழ்வது அன்றாட நடைமுறை. சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்கள் பலவற்றின் நிலை இதுதான். விநியோகம் நின்றதும் குழாய் காலியாகி, விரிசல்களின் வழியே சுற்றிலும் உள்ள மண்ணின் ஈரத்தையும் சாக்கடைக் கசிவையும் ஏற்கும் நிலைக்கு வருகிறது. மெயின் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவதை நீர் வாரியங்கள் தடைசெய்வதற்குப் பக்கத்து வீட்டின் பங்கு குறையும் என்பது மட்டும் காரணமன்று. அந்த மோட்டார் தெருக்குழாய்க்குள் செயற்கையாக ஒரு வெற்றிடத்தை உண்டாக்குகிறது. நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் விழும் குழாயின் வாய், தொட்டி நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே இருந்தால் அங்கே காற்று இடைவெளி உண்டு. மிதவை வால்வு பழுதாகி அந்த வாய் நீருக்குள் மூழ்கிக் கிடந்தால், தெருவில் தண்ணீர் நிறுத்தப்படும் ஒவ்வொரு முறையும் அந்தத் தொட்டி நீர் ஊர்க் குழாய்க்குள் திரும்பிச் செல்ல வழி திறந்திருக்கிறது.